அண்டா அண்ணாச்சியின் வாடகைக் கதர்

தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் உள்ள மூன்று மைலில் தேசபக்தி மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அந்தக் காலத்தில் சரியாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் அண்டா அண்ணாச்சி. ஏனென்றால் அது முழுவதும் அவர் கடையின் பின்கட்டில், ஜமக்காளங்களுக்குப் பக்கத்தில், மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

அண்ணாச்சி கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சாமான் வாடகைக்கு விடுகிறவர். அண்டா, குண்டா, ஜமக்காளம், பெஞ்சு, காஸ் லைட்டு, மேடை போடத் தேக்குப் பலகை, எல்லாம் உண்டு. அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. தபால்காரர்கூட 'அண்டா அண்ணாச்சி, தென்காசி' என்று மட்டும் எழுதியிருக்கும் கார்டைத் தயங்காமல் கொண்டுவந்து கொடுப்பார். ஆள் ஒல்லி. அவருடைய பெரிய அண்டாவுக்குள் அவரைப் போல மூன்று பேர் உட்கார்ந்து சீட்டாடலாம்.

வாடகைக்குப் போன பாத்திரம் திரும்பி வந்தால் விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்.

"சாம்பார அடிப்பிடிக்க விட்டிருக்கிய. கொதிக்கிற நேரத்துல சமையக்காரன் எங்கன போனான்?"

சமையல்காரர் போயிருப்பார். ஒரு கல்யாணத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அண்ணாச்சி உள்ளே புகுந்து, பாயசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால்தான் ஆச்சு என்று நின்றார். சூடு தாங்காமல் அண்டா முனகுகிறதாம். அடுப்பங்கரையில் இருந்த பதினைந்து பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் பெண்ணின் தகப்பனாரே வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மாற்றினார். அண்ணாச்சியை எதிர்த்துப் பேசிவிட்டு அடுத்த பெண்ணுக்கு எந்த அண்டாவில் சமைப்பது?

இப்படிப்பட்டவரிடம் தேசம் வந்து சேர்ந்தது தற்செயலாகத்தான். மதராஸிலிருந்து ஒரு தலைவர் பேச வருகிறார் என்று பெஞ்சும் மேடையும் கேட்க வந்தவர்கள், கொடியும் இருக்குமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார்கள். சாமான் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லி அண்ணாச்சிக்குப் பழக்கமில்லை. தையல்காரரிடம் போய் ஒன்று தைத்து வாங்கிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு ராட்டை கேட்டார்கள். அதற்கடுத்த கூட்டத்துக்குக் கதர்த் தொப்பி. ஒரே வருஷத்தில் நாலு கொடி, ஒரு ராட்டை, ஒரு டஜன் தொப்பி, ஜிப்பா வேஷ்டி துண்டு சேர்ந்த முழு செட்டுக் கதர் ஒன்று என்று கடை நிறைந்துவிட்டது.

கூட்டம் என்றால் ஜனங்கள் கதரைத்தான் எதிர்பார்த்தார்கள். கதர் கட்டாதவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அண்ணாச்சியிடம் வந்தார்கள். அங்கேதான் சங்கடம். பாத்திரத்துக்குக் காசு வாங்குகிற மனிதர், கொடிக்கும் கதருக்கும் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"அண்டாவுக்குக் காசு வாங்கலாம்வே, அது செம்பு. கொடிக்குக் காசு வாங்குனா நான் வெளங்குவனா? அதுக்கு வேலதான் வாங்கணும்."

வாங்கினார். ஊர்வலத்துக்குக் கொடி கேட்ட வாத்தியார்களிடம், ஊர்வலம் போகிற தெருவின் சாக்கடையை முதலில் தோண்டிவிடச் சொன்னார். வாத்தியார்கள் அரை நாள் தோண்டினார்கள். மாலையில் ஊர்வலம் போனபோது கொடியை நிமிர்த்திப் பிடிக்க ஒருவருக்கும் தோள் வரவில்லை. கொடி படுத்துக்கொண்டே போயிற்று.

ஒரு வக்கீல், ராட்டையோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கிப் போனார். எடுத்து முடித்து அன்று மாலையே திருப்பி அனுப்பினார். அண்ணாச்சி வாங்கவில்லை.

"வெறும் ராட்டையா வந்திருக்கே. நூலு எங்க?"

"போட்டோவுக்குத்தானே அண்ணாச்சி வாங்கினோம்."

"அண்டாவ வாங்கிட்டுப் போயி, சோறு பொங்காம போட்டோ எடுத்துட்டா அனுப்புவிய? ஒரு சிட்டம் நூலு நூத்துட்டுக் கொண்டாங்க."

வக்கீல் நூற்றார். பதினோரு நாள் கோர்ட்டுக்குப் போகவில்லை. அவர் நூற்ற நூல் சுண்டுவிரல் தண்டிக்கு இருந்தது. அண்ணாச்சி அதைக் குறை சொல்லாமல் வாங்கி, மாட்டைக் கட்டிப்போட வைத்துக்கொண்டார். அந்த மாடு அதை ஒருநாளும் அறுக்கவில்லை என்று வக்கீல் கடைசி வரை பெருமையாகச் சொல்லுவார்.

அரிசிக் கடைக்காரர் ஒருவருக்குத் தொப்பி வேண்டியிருந்தது. தொப்பி தலையில் இருக்கும்வரை படி குறையக் கூடாது, அதுதான் வாடகை என்றார் அண்ணாச்சி. கடைக்காரர் உடனே சம்மதித்தார். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது அண்ணாச்சியை உறுத்தியது. எதிர்க்கடை வாசலில் நின்று பார்த்தார். அளக்கும்போது கடைக்காரர் தொப்பியைக் கழற்றி அரிசி மூட்டைமேல் வைத்தார். அளந்து முடித்ததும் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி நேரே அந்தக் கடைக்குள் போய், தொப்பியின் இரண்டு பக்கமும் கயிறு கோத்து, அவருடைய தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு அந்தக் கடையில் கூட்டம் தாங்கவில்லை.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டு நானும் இருந்தேன், பகதூர் என்னை அனுப்பும்வரை.

பகதூர் எங்கள் முதலாளி. சர்க்கார் கொடுத்த பட்டம். அதையே எல்லாரும் பெயராகக் கூப்பிட்டார்கள். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிற வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தேநீர் விருந்து வைத்தே வாங்கியது. நான் அவரிடம் குமாஸ்தா. கடிதம் எழுதுவேன், பிரசங்கம் எழுதுவேன், குடை பிடிப்பேன். ஜில்லா போர்டு தேர்தல் வந்தது. காற்று கதர்ப் பக்கம் அடிக்கிறது என்று பகதூருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டே தேசபக்தர் ஆகிவிட்டார்.

"அண்டாக் கடையில ஒரு செட்டுக் கதர் இருக்குல்லா, அத வாங்கிட்டு வாடே" என்றார்.

"புதுசாவே எடுத்துப்புடலாமே முதலாளி."

"அட மடையா. புதுசு கட்டுனா நேத்துதான் மாறுனான்னு தெரிஞ்சிரும்லா. பழசா வேணும். வெளுத்து வெளுத்து நைஞ்சதா வேணும். தோள்ல ஒரு தையலு விட்டிருந்தா ரொம்ப விசேஷம்."

அப்படி நைந்த கதர் அந்த வட்டாரத்தில் அண்ணாச்சியிடம்தான் இருந்தது. யார் யாரோ கட்டிப் பேசிப் பேசி அது அவ்வளவு பக்குவப்பட்டிருந்தது. போய்க் கேட்டேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஜிப்பாவை எடுத்து உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாடகை தெரியும்லா. கீழத்தெரு வாய்க்காலுக்குப் பாலம்."

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழத்தெருக் கடைசியில் சிற்றாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் ஓடுகிறது. அதன்மேல் இரண்டு பனந்தடி கிடந்தது. முந்தின வருஷத்து வெள்ளத்தில் ஒன்று போய்விட்டது. மிச்சம் ஒன்றின்மேல்தான் அக்கரையில் குடியிருந்த அத்தனை பேரும் வந்து போனார்கள். பத்திரம் எழுதும் ரைட்டர் ஒருவர் குதிரைமேல் உட்காருவதுபோல இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு, கணக்காக நகர்ந்து நகர்ந்து ஆபீசுக்குப் போவார். மறுவீட்டுக்கு வந்த ஒரு மாப்பிள்ளை, தடியைப் பார்த்துவிட்டு இக்கரையிலேயே நின்று விருந்தைத் தூக்குச்சட்டியில் வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். மருத்துவச்சி ஆச்சி கனத்த சரீரம். தடியைத் தொடமாட்டாள். ஒன்றரை மைல் சுற்றி, மேலப்பாலம் வழியாகப் போவாள். இரண்டு பிள்ளைகள் அவள் வரும்வரை பொறுக்கவில்லை.

பகதூரிடம் வந்து சொன்னேன். "பாலம்தானே, ஜெயிச்சதும் போட்டிருவோம்னு சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன்.

"இத நீரு சொல்லுதீரா, அவரு சொல்லுதாரா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அவரு சொல்லச் சொன்னாரு."

"அப்ப வாக்குக் குடுக்கது நீரு" என்று சொல்லி, ஒரு முழு செட்டுத் தேசபக்தியை என் கையில் கொடுத்தார்.



பகதூருக்கு ஜிப்பா பத்தவில்லை. பக்கவாட்டில் பிரித்து ஒட்டுப் போட்டோம். அது இன்னும் ஏழ்மையாகத் தெரிந்ததில் அவருக்குப் பரம சந்தோஷம். முதல் கூட்டத்திலேயே மார்பில் கையை வைத்து, "இது சட்டை இல்லை, இது என் தோல்" என்றார். அது நான் எழுதிக் கொடுத்த வரி. மேடைக்குக் கீழே தன் பலகைகளுக்குக் காவலாக நின்றிருந்த அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

"தோல் இல்ல முதலாளி, சட்டைதான். திருப்பித் தரணும்."

கூட்டம் சிரித்தது. பகதூருக்கு ஒரு நொடி நேரம்கூடத் தேவைப்படவில்லை. "ஆம், அந்தப் பெரியவர் சொல்வது உண்மை. இந்த உடம்பும் சட்டைதான். ஒருநாள் தாய்நாட்டுக்குத் திருப்பித் தர வேண்டியதுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. இந்த மனிதரிடம் அண்ணாச்சி ஜெயிக்க முடியாது என்று எனக்கு அன்றே பட்டது.

பகதூர் ஜெயித்தார். பாலம் வரவில்லை. முதலில் எஸ்டிமேட் போடுகிறார்கள் என்றார்கள். பிறகு எஸ்டிமேட் போடுகிறவர் லீவில் போயிருக்கிறார் என்றார்கள். அதற்குப் பிறகு, வாய்க்கால் யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள் என்றார்கள். வாய்க்கால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதரைத் துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுக்க மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாமான் வரட்டும்வே. வாடகையோட வரட்டும்."

"அவரு கேக்கமாட்டேங்காரு அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

"நான் உம்மகிட்டதானே கேக்கேன்."

தெருவில் அவரைக் கண்டால் நான் சந்தில் திரும்ப ஆரம்பித்தேன். சந்துகள் தீர்ந்துபோன அன்று நேருக்கு நேர் மாட்டிக்கொள்வேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். "நல்லாருக்கீராவே" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

ஆடி பிறந்தது. மலையில் நல்ல மழை. ஒருநாள் காலை, கீழத்தெருவுக்கு அக்கரையில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டது. தலைப்பிரசவம். சுற்றிப் போக நேரமில்லை என்று ஆள் வந்து கத்தவே, மருத்துவச்சி ஆச்சி வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தடியில் கால் வைத்தாள். தடி உருண்டது. ஆச்சி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச தூரம் தள்ளி நாலு பேர் சேர்ந்து இழுத்து இக்கரையில் போட்டார்கள். தடி போயே போய்விட்டது.

ஆச்சி எழுந்தாள். புடவையைப் பிழிந்தாள். வாய்க்கால் ஓரத்தில் நின்றுகொண்டு அக்கரையைப் பார்த்துக் கூவ ஆரம்பித்தாள். அவள் சொல்வதை அக்கரையில் ஒரு பெண் கேட்டு வீட்டு வாசலில் நிற்பவளிடம் சொல்ல, அவள் உள்ளே சொல்ல, அப்படியாகப் பிரசவம் நடந்தது. வெள்ளத்து இரைச்சலில் பாதி வார்த்தை பழுதாகிப் போயிற்று. ஆச்சி 'வெந்நீர்' என்றது 'பன்னீர்' என்று போய்ச் சேர்ந்து, ஒரு பெண் பன்னீர்ச் செம்பு தேடி, ஆனியில் கல்யாணம் நடந்த வீட்டுக்கு ஓடினாள். இக்கரையில் கூடியிருந்தவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். கடைசியில் தண்ணீர் இரைச்சலுக்கு மேலாகப் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அது மட்டும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. உடனே அண்ணாச்சி திரும்பிக் குற்றாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

அன்றைக்குக் குற்றாலத்தில் பகதூருக்கு வரவேற்பு. அதற்கு முன்னால் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல். மேலெல்லாம் எண்ணெய் வழியக் கோவணத்தோடு அவர் பேரருவிக்குள் புகுந்துவிட்டார். நான் பாறைமேல், ஒரு கையில் குடையும் மறு கையில் கதர் செட்டுமாக நின்றேன். கட்டி வந்த பட்டு வேஷ்டியும் கோட்டும் தூரத்தில் மோட்டாருக்குள் இருந்தன. சாரலில் நனைந்துகொண்டு அண்ணாச்சி எதிரே வந்து நின்றார். கோபம் முகத்தில் இல்லை. களைப்புத்தான் இருந்தது. நடந்ததைச் சொன்னார். பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டேன். பெண் என்றார்.

"தாயும் பிள்ளையும் பிழைச்சது அவ அதிர்ஷ்டம்வே. அடுத்தவளுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கும்னு சொல்ல முடியுமா? என் சாமானக் குடும்."

"இப்ப எடுத்தா அவரு என்னத்தக் கட்டுவாரு அண்ணாச்சி?"

"அது அவரு பாடு."

நான் அருவியைப் பார்த்தேன். பகதூர் தலையைத் தண்ணீருக்குக் கொடுத்து, கண்ணை மூடி, சுகமாக ஊளையிட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயலை அப்போது செய்தேன். கதரைக் கொடுத்துவிட்டேன்.

பகதூர் வெளியே வந்தார். அதே நேரத்தில் நாதஸ்வரம், மேளம், மாலை சகிதம் வரவேற்புக் கமிட்டி எதிரே வந்துவிட்டது.

"சட்டைய எங்கடே?"

"அண்ணாச்சி திருப்பி வாங்கிக்கிட்டாரு."

மேளம் நின்றது. ஐந்நூறு ஜனம் கோவணத்தோடு நிற்கும் போர்டு மெம்பரைப் பார்த்தது. மோட்டாரில் இருப்பது கோட்டு. அதைப் போட்டால் போச்சு. பகதூர் மெல்ல இரண்டு கையையும் குவித்தார்.

"இந்த நாட்டிலே எத்தனையோ ஏழைக்குச் சட்டையில்லை. எனக்கு மட்டும் எதற்கு என்று இந்த அருவி சாட்சியாகக் கழற்றிவிட்டேன்."

முன்வரிசையில் ஒரு ஹெட்மாஸ்டர் வாய்விட்டு அழுதார். யாரோ ஒருவர் தம் சட்டையைக் கழற்றினார். இன்னொருவர் கழற்றினார். கமிட்டித் தலைவர் மானத்துக்குப் பயந்து கழற்றினார். சற்று நேரத்தில் அருவிக்கரையில் போட்டிருந்த மேடையும் எதிரே கூட்டமும் வெற்றுடம்பாக உட்கார்ந்திருந்தன. மேலே சாரல். பக்கத்திலே அருவி. குளிர்காற்று. முதலில் பேசியவர் "தே... தே... தே..." என்று பல்லடித்துக்கொண்டே நின்றார். தேசம் என்கிறாரா, தேநீர் கேட்கிறாரா என்று தெரியவில்லை. வரவேற்புப் பத்திரம் வாசித்தவர் தும்மிய தும்மலில் பத்திரமே பறந்தது. அந்தக் கூட்டத்திலேயே முழுச்சட்டையோடு, கக்கத்தில் ஒரு செட்டுக் கதரும் வைத்துக்கொண்டு, திகைத்துப்போய் நின்றவர் அண்ணாச்சி ஒருவர்தான். பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னவே, சட்டையோட நிக்கீரு. உமக்குத் தேசபக்தியே கிடையாதா?"

அண்ணாச்சி கக்கத்துக் கதரை இன்னும் இறுக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்.

பகதூர் மோட்டாரில் ஏறியதும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். சட்டையைக் காணாமல் செய்த யோசனை என்னுடையது என்று நினைத்துவிட்டார். "உனக்கு மூளை இருக்குடே" என்றார். என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அது ஒரு தடவைதான். அதை வாங்கி வைத்துக்கொள்ள எனக்குக் கூசியது.

இரண்டு நாள் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருந்தார், வந்த பாத்திரத்தைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. நெளிந்த குண்டா ஒன்று அப்படியே உள்ளே போயிற்று. ஊரே பயந்தது. மூன்றாம் நாள் காலையில் நானே போய் நின்றேன்.

"வந்தீரா" என்றார். "சாயங்காலம் உம்ம முதலாளிக்குத் தென்காசியில கூட்டம். மேடை போடச் சொல்லி ஆள் வந்துட்டுப் போயிருக்கு. ஒரு கை பிடியும்."

தேக்குப் பலகை ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். நானும் அவரும் அக்கரைக்காரர்கள் ஆறேழு பேருமாகத் தூக்கினோம். கூட்டம் நடக்கிற மைதானத்தை நோக்கிப் போவோம் என்று பார்த்தால் அண்ணாச்சி கீழத்தெருப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகு பலகை கனக்கவில்லை என்று எழுதினால் பொய். தோல் உரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் வாய்க்காலில் கல் அடுக்கி, அதன்மேல் இரண்டு பெரிய உத்தரத்தைப் போட்டு, குறுக்கே மேடைப் பலகை அத்தனையையும் அடித்து முடித்தோம். மருத்துவச்சி ஆச்சியைக் கூப்பிட்டு நடுவில் நின்று குதிக்கச் சொன்னார் அண்ணாச்சி. குதித்தாள். அண்ணாச்சி குனிந்து பலகையில் காதை வைத்துக் கேட்டார். "முனகல" என்றார்.

மாலையில் பகதூர் வேஷ்டியும் வெற்றுடம்புமாக மைதானத்துக்கு வந்தார். மேடையைக் காணோம். அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார். நான் பக்கத்தில் நிற்க, அண்ணாச்சி வந்து கும்பிட்டார்.

"மேடை போட்டாச்சு முதலாளி. கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கேன்."

கூட்டம் கீழத்தெருவுக்கு நகர்ந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாதி ஜனம், இந்தப் பக்கம் பாதி. பகதூர் நடுவில் நின்று "தாய்மார்களே" என்று ஆரம்பித்தார். உடனே ஒரு தாய் புல்லுக்கட்டோடு வந்து வழி விடச் சொன்னாள். பகதூர் இறங்கிக் கரையில் நின்றார். அவள் போனதும் ஏறினார். "பெரியோர்களே" என்றார். ரைட்டர் ஆபீசிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். இரண்டு காலால் நடந்து கடக்கிற புதுச் சுகத்தில் அவர் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். பகதூர் மறுபடி இறங்கினார். பிறகு ஒரு வெள்ளாட்டு மந்தை. அதற்கும் இறங்கினார். தேசம் என்ற சொல்லை அவர் எட்டுவதற்குள் பன்னிரண்டு தடவை இறங்கி ஏறிவிட்டார். அந்தப் பன்னிரண்டாம் தடவையில் அவருக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டது.

"தேர்தலில் நான் ஒரு பாலம் தருவதாக வாக்குக் கொடுத்தேன். இதோ, அதன் மேலேயே நின்று உங்களுக்கு அர்ப்பணம் செய்கிறேன்."

இரண்டு கரையும் கைதட்டியது. என் தோளில் உரிந்த தோல் பற்றி எரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சொல்லிட்டுப் போறாரு, விடும்வே."

"பேரு அவருக்கில்லா போவுது அண்ணாச்சி."

"போவட்டும். பேரப் பலகையிலயே எழுதணும்னாலும் எழுதச் சொல்லும். எல்லாரும் மிதிச்சுக்கிட்டுத்தானே போவாக."

கதரைக் கொடுத்ததும் பலகை தூக்கியதும் நான்தான் என்று பகதூருக்கு மறுநாள் விஷயம் முழுதும் தெரிந்துவிட்டது. அந்த வேலையை நான் உதறிவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். உதறியவர் அவர். அண்ணாச்சி அதற்குப் பிறகு மேடை வாடகைக்கு விடவில்லை. கேட்டு வந்தவர்களிடம், "வாய்க்கால்ல கெடக்கு, அங்கன போயிப் பேசுங்க" என்பார். கொஞ்ச காலம் தென்காசியில் பிரசங்கங்கள் ரொம்பச் சின்னதாக இருந்தன.

எனக்கு மதுரையில் ஒரு அச்சாபீசில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். சில வருஷம் கழித்து, காலையில் வந்த ஒரு கார்டில் அவர் காலமான செய்தி இருந்தது. லீவு எழுதிக்கொண்டு போய் மானேஜரிடம் நீட்டினேன். இறந்தவர் என்ன உறவு என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்றார். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'தகப்பனார்' என்று எழுதினேன்.

மானேஜர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன் என் தகப்பனார் இறந்தபோது லீவு கொடுத்தவரும் இவரேதான். பேனாவை எடுத்தார், வைத்தார், என் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.